இருக்கைக்கும் தரைக்கும் இடையே

மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அதை ஓட்டுகிறவர் நெட்டையா குட்டையா என்பது யந்திரத்துக்குத் தெரியாது. பெட்ரோல் பங்கின் வரிசையிலோ, ரயில்வே கேட்டுக்கு முன்னாலோ, மலைப்பாதையில் எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கும் இடத்திலோ அது நின்றாக வேண்டிய அந்த ஒரு கணத்தில்தான், இருக்கைக்கும் தரைக்கும் இடையே உள்ள தூரமும், ஓட்டுகிறவரின் இடுப்புக்கும் பாதத்துக்கும் இடையே உள்ள தூரமும் ஒன்றையொன்று அளந்து பார்த்துக்கொள்கின்றன. அந்தச் சோதனையில் குறைந்துபோனவர்கள் நம் நாட்டில் அநேகர். வண்டியையே ஓரிரண்டு அங்குலம் தாழ்த்திவிடுவது என்ற பரிகாரம் அவர்களிடையே இப்போது மிகவும் பரவியிருக்கிறது. அந்தப் பரிகாரத்தின் குணமும் தோஷமும் எவை என்பதை, அதில் கைசுட்டுக்கொண்ட ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், சற்று நிதானமாக ஆராய விரும்புகிறேன்.

நெடும் பிரயாணத்துக்கென்று நிர்மாணிக்கப்படும் வண்டிகள் உயரமாக இருப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. சென்னைக்கு அருகே தயாராகி 2016-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனையே எடுத்துக்கொள்வோம். குழியில் இறங்கி ஏறுவதற்கு 21 அங்குல முன்சக்கரம் வேண்டும். கல்லும் மேடும் எஞ்சினின் அடிவயிற்றில் இடிக்காமலிருக்க 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி வேண்டும். கரடான பாதையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளச் சக்கரங்கள் முன்னால் 200, பின்னால் 180 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆடுவதற்கு இடம் வேண்டும். இவையெல்லாம் அமைந்த பிறகு அவற்றின் தலைமேல்தான் இருக்கை உட்கார முடியும் என்பதால், அது 800 மில்லிமீட்டர் உயரத்தில் போய் நின்றது. 2023-இல் வந்த அதன் அடுத்த வடிவத்தில் இது 825 ஆயிற்று. அப்படியும் இந்த வகை வண்டிகளுக்குள் ஹிமாலயன் தாழ்ந்தது என்றே பெயர் வாங்கியிருக்கிறது. வெளிநாட்டுப் பெரிய வண்டிகளில் 850, 870 என்பதெல்லாம் சாதாரணம். இந்த எண்களுக்கு எதிரே நம் உடம்பை வைத்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டு ஆடவரின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 சென்டிமீட்டர், மகளிரின் உயரம் ஏறத்தாழ 152. உயரத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே காலின் உள்ளளவு இருக்குமாதலால், சராசரி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 800 மில்லிமீட்டர் என்பது அவருடைய காலைவிட ஏறக்குறைய நான்கு அங்குலம் அதிகம். இது ஒரு சிலருடைய தனிப்பட்ட குறை என்று சொல்வதற்கில்லை. தேசத்தின் சராசரி மனிதர்களே வெளியே நிற்கும்படியான வாசற்படி அது.

என் தங்கை மகள் சேலத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். உயரம் 156 சென்டிமீட்டர். கையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு பழைய ஹிமாலயன் ஒன்றை வாங்கினாள். வாங்கிய மூன்றாம் வாரம் ராசிபுரத்துப் பெட்ரோல் பங்கில், வரிசை ஓரடி நகர்ந்து மறுபடியும் நின்றபோது, அவள் நீட்டிய இடது கால் தரையைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே வண்டி அவளையும் இழுத்துக்கொண்டு சாய்ந்துவிட்டது. வேகம் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. கண்ணாடி உடைந்தது, முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிற்று, உதவிக்கு வந்த இருவர் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, அவளைப் பார்த்த பார்வைதான் காயத்தைவிட அதிகமாக வலித்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அந்தச் சாய்வைப் பற்றிச் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தால், தாழ்த்துகிறவர்களின் பக்கம் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பது விளங்கும். ஹிமாலயனின் எடை, பெட்ரோல் நிரம்பிய நிலையில், ஏறத்தாழ 200 கிலோ. நேராக நிற்கும்போது அந்தப் பாரம் முழுவதையும் சக்கரங்களே தாங்குகின்றன. ஒரு குழந்தை கூட அதைப் பிடித்து நிறுத்தலாம். ஐந்து பாகை சாய்ந்தால், அதை மேலும் கவிழ்க்கப் பார்க்கும் இழுப்பு, வண்டி முழுவதும் படுத்துவிட்டால் எவ்வளவு இருக்குமோ அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. இருபது பாகை சாய்ந்தாலோ மூன்றில் ஒரு பங்கு. கால் நீண்டவருக்கு வண்டி சாயத் தொடங்கிய உடனேயே பாதம் தரையில் ஊன்றிவிடுகிறது. குட்டையானவருக்கோ வண்டி நன்றாகச் சாய்ந்த பிறகுதான், அதாவது பாரம் பன்மடங்கு பெருகிய பிறகுதான், நுனிவிரல் மண்ணைத் தொடுகிறது. ஆகவே ஓரங்குலத்தின் குறை ஓரங்குலத்தோடு முடிந்துவிடுவதில்லை. மிகுந்த பாரத்தை மிகக் குறைந்த பிடிமானத்தோடு தாங்க வேண்டிய நிர்ப்பந்தத்தை அது குட்டையானவர்கள்மீது சுமத்துகிறது. பலம் போதாது என்று அவர்களைக் குறை சொல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் சாலைகளில் இதற்கு மேல் இன்னொரு கஷ்டமும் உண்டு. மழைநீர் வடியும்பொருட்டுச் சாலையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி, இரு ஓரங்களையும் தாழ்த்திப் போடுகிறார்கள். நாமோ இடது பக்கமாகச் செல்கிறவர்கள். வலது கால் பின் பிரேக்கின்மேல் இருக்க வேண்டியதால் இடது காலைத்தான் ஊன்றுகிறோம். எனவே நாம் கால் ஊன்றும் பக்கம் எப்போதும் தாழ்ந்த பக்கமாகவே அமைந்துவிடுகிறது; தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் அது இன்னும் ஒரு சாண் கீழே போய்விடுவதும் உண்டு. கடையில் சமதரையில் நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, கால் எட்டுகிறதென்று திருப்தியடைந்து வாங்குகிறவர்கள், இந்த உண்மையை முதல் மழைக்காலத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

பங்கில் விழுந்த பிறகு மருமகள் ஒரு பட்டறைக்குப் போனாள். நானும் உடன் போயிருந்தேன். வண்டியின் பின்சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் ஷாக்கப்சருக்கும் நடுவே, எலும்புத் துண்டின் வடிவத்தில் இரண்டு இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் இதனாலேயே அவற்றை டாக் போன் என்கிறார்கள். அவற்றைக் கழற்றிவிட்டுச் சில மில்லிமீட்டர் நீளமான வேறு இரண்டு பட்டைகளைப் போட்டால், நெம்புகோலின் தத்துவப்படி, வண்டியின் பின்பாகம் அதைப்போலப் பல மடங்கு கீழே இறங்கிவிடும். ஒரு மணி நேரத்து வேலை. கூலியும் அதிகமில்லை.

“உக்காந்து பாரு கண்ணு, இப்ப எட்டுதா?” என்றார் மெக்கானிக்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் ஏறக்குறைய முழுவதுமாகத் தரையில் பதிந்தன. “எட்டுதுண்ணா!” என்று அவள் சொன்னபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை, இந்தப் பழக்கத்தை முற்றிலும் கண்டிக்க என் மனம் இடந்தராமல் இருப்பதற்கும் அந்த முகமே காரணம். பயத்தோடு ஓட்டுகிறவரைவிடத் தைரியத்தோடு ஓட்டுகிறவர் நன்றாக ஓட்டுவார் என்பது அனுபவ உண்மை. கால் எட்டுமோ எட்டாதோ என்ற கவலையிலேயே மனம் சிக்கிக்கொண்டிருப்பவர், எதிரே வருகிற லாரியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் நாற்பது மில்லிமீட்டர் இறங்கிய அந்த வண்டி, வேறு வண்டியாகவே ஆகிவிட்டது என்பதை அடுத்த சில தினங்கள் ஒவ்வொன்றாகக் காட்டின. முதலில் சைடு ஸ்டாண்டு. வண்டி தாழ்ந்தது, ஸ்டாண்டோ பழைய நீளத்திலேயே இருந்தது. அதனால் இடது பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி அநேகமாக நிமிர்ந்தே நின்றது. ஒரு நாள் விடியற்காலையில் காற்றடித்ததோ, நாய் உரசியதோ, வலது பக்கமாகச் சாய்ந்து செம்பருத்தித் தொட்டிகள் இரண்டை உடைத்துக்கொண்டு வாசலில் கிடந்தது. இரவில் எதிரே வந்தவர்கள் எல்லாம் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள்; பின்பாகம் மட்டும் இறங்கியதால் முன்விளக்கு வானத்தை நோக்கியிருந்தது. சென்டர் ஸ்டாண்டை இட்டு வண்டியைத் தூக்க அவளால் அறவே முடியவில்லை, ஏனென்றால் இப்போது முன்னைக்காட்டிலும் அத்தனை மில்லிமீட்டர் அதிகமாக அதை உயர்த்த வேண்டியிருந்தது. கம்பிச் சக்கரமும் டியூபும் உள்ள வண்டி அது. வழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும், கழற்றுவதற்குச் சென்டர் ஸ்டாண்டு வேண்டும். தனியாகப் பிரயாணம் போகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயமா?

பிறகு கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஒவ்வொன்றிலும், அவள் திருப்ப நினைத்த இடத்துக்கு அப்பால் போகத்தான் வண்டி பிரியப்பட்டது. மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக அமைந்திருப்பதால், கைப்பிடி திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைச் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் சக்கரம் தரையைத் தொடுகிறது. இந்தப் பின்னடைவே வண்டியைத் தானாக நேரே செல்ல வைக்கிறது. பின்பாகத்தை மட்டும் இறக்கினால் ஃபோர்க் மேலும் சாய்கிறது, பின்னடைவு கூடுகிறது, நேரே செல்லும் பிடிவாதமும் கூடுகிறது. நெடுஞ்சாலையில் இது ஒரு குணமாகக்கூடத் தோன்றலாம். கொண்டை ஊசி வளைவில் எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இருபதாவது வளைவைத் தாண்டியபோது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ரப்பர் கருகும் வாசனை அடித்தது. நிறுத்திப் பார்த்தோம். பின் மட்கார்டின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை, பளபளவென்று தேய்ந்து, தொட்டால் சுட்டது. இரண்டு பேரும் சாமான் பைகளும் சேர்ந்த கனத்தில், குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் டயர் மேலே போய் மட்கார்டில் உரசியிருக்கிறது.

இந்த உரசலில்தான் பட்டை மாற்றும் முறையின் மூலதோஷம் வெளிப்படுகிறது. ஷாக்கப்சர் சுருங்கி விரியும் தூரம் மாறவில்லை. ஆனால் சக்கரம் புறப்படும் இடம் மேலே ஏறிவிட்டது. ஆகையால் அது போய் முடியும் இடமும், தயாரித்தவர்கள் டயருக்கென்று விட்டிருந்த வெற்றிடத்தைத் தாண்டி, மேலே ஏறிவிடுகிறது. போதாததற்கு நெம்புகோலின் விகிதமே மாறிப்போவதால், அதே ஸ்பிரிங் முன்னைவிட இளகியதாக நடந்துகொள்ளவும் கூடும். தரை இடைவெளி குறைந்ததையும், வளைவில் சாயும்போது கால்மிதி முன்னதாகவே தரையில் தட்டுவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் குணங்களுக்காக அந்த வண்டியை வாங்கினாளோ அவற்றையெல்லாம் விலையாகக் கொடுத்து, நிற்கும்போது மட்டும் அனுபவிக்கக்கூடிய ஒரு சௌகரியத்தை அவள் பெற்றிருந்தாள்.

இத்தனையும் சொன்ன பிறகு, தாழ்த்தவே கூடாது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. எதை முதலில் தாழ்த்துவது என்ற கிரமம் தலைகீழாக இருப்பதே இந்தப் பழக்கத்தின் பிழை என்பது என் அபிப்பிராயம். மலிவானதும் ஒரு மணி நேரத்தில் முடிவதுமான பட்டை முதலில் மாற்றப்படுகிறது. யந்திரத்தின் சுபாவத்தைத் தொடாத வழிகளோ கடைசியில்கூட நினைக்கப்படுவதில்லை.

அவ்வழிகளில் முதன்மையானது இருக்கை. விளம்பரத்தில் அச்சிடப்படும் உயரம் இருக்கையின் நடுவில் நேர்கோடாக அளந்தது; நம் கால்களோ அந்த நேர்கோட்டில் இறங்குவதில்லை, இருக்கையின் அகலத்தைச் சுற்றிக்கொண்டு இறங்குகின்றன. ஒரு பாதத்திலிருந்து தொடைவழியாக மேலேறி, இருக்கையைக் கடந்து மறு பாதம் வரையில் தையற்காரரின் நாடாவை ஓட்டிப் பார்த்தால் வருகிற அளவே உண்மையான அளவு. அகன்ற மூக்கு உள்ள 780 மில்லிமீட்டர் இருக்கையைவிடக் குறுகிய மூக்கு உள்ள 800 மில்லிமீட்டர் இருக்கை சுலபமாகத் தரையைத் தரலாம். எனவே சீட் தைக்கிறவரிடம் போய், தொடைகள் இறங்கும் முன்பகுதியின் இரு ஓரங்களையும் சீவிக் குறுக்கச் சொல்வது அநேகமாக நஷ்டமில்லாத லாபம். ஆனால் பெரும்பாலோர் செய்வது வேறு: நடுவில் உள்ள ஃபோமை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அப்போது கால் எட்டும், உண்மைதான். நூறு கிலோமீட்டர் போனதும் முதுகெலும்பின் அடிநுனி இருக்கையின் அடித்தட்டை உணரத் தொடங்கும். இருக்கைக்கும் கால்மிதிக்கும் உள்ள தூரம் குறைவதால் முழங்கால் அதிகமாக மடங்கி மரத்துப்போகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உட்கார வேண்டிய இடத்தை, எட்டு வினாடி நிற்பதற்காகக் கெடுத்துக்கொள்வது விவேகமாகாது.

அடுத்தது ஸ்பிரிங்கின் இறுக்கம். குட்டையானவர்கள் பெரும்பாலும் எடையும் குறைந்தவர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்பிரிங்கோ அவர்களைவிடக் கனத்த ஒருவரை மனத்தில் வைத்து இறுக்கப்பட்டது. கனமுள்ளவர் உட்கார்ந்தால் அமுங்க வேண்டிய அளவு இவர்கள் உட்கார்ந்தால் அமுங்குவதில்லை. ஆகவே உயரத்தில் குறைந்தவருக்கு வண்டி மேலும் உயரமாகவே நிற்கிறது. பின் ஸ்பிரிங்கின் வளையத்தைத் தளர்த்தி, அவரவர் எடைக்கு உரிய அமுக்கத்தை வரவழைத்துக்கொள்வது தாழ்த்துதலே அன்று. வண்டியைத் தன் உடம்புக்குச் சரிசெய்துகொள்வது. இதில் ஒரு சிரமம், பின்னால் ஆள் ஏறினால் மறுபடியும் இறுக்க வேண்டும். அந்தச் சோம்பலுக்கு இடங்கொடுத்தால் பழைய உரசல் மீண்டும் வரும். பின்பக்கம் பத்து மில்லிமீட்டர் இறங்கினால், முன் ஃபோர்க்கையும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்புகளின் வழியாக அதே அளவு மேலே ஏற்றிவிட வேண்டும். இரு முனையும் சமமாக இறங்கினால் சாய்வு மாறாது. இவ்வளவும் செய்தும் போதாதவர்களுக்கு, ஃபோர்க்கையும் ஷாக்கப்சரையும் பிரித்து உள்ளேயே அவற்றின் நீளத்தைக் குறைத்து அமைப்பது என்ற முறையான வழி உண்டு. செலவும் கைத்திறனும் அதிகம் கேட்பது அது. அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால், வேறு வண்டியைப் பார்ப்பதே நல்லது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், எதையுமே தொடக்கூடாது, ஓட்டுகிறவர்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். பெல்ஜியத்து வீரர் காஸ்டன் ராஹியே இவர்களுக்கு நல்ல சான்று. மிகவும் குட்டையான மனிதர். 125 சிசி மோட்டோகிராஸில் 1975 முதல் 1977 வரை மூன்று ஆண்டுகள் உலக சாம்பியனாக இருந்து, பின்பு ராட்சத உருவமுள்ள பிஎம்டபிள்யூ வண்டியில் 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பாரிஸ் – டக்கார் பந்தயத்தை வென்றவர். உயரம் இல்லாதது ஒருவரைத் தடுத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சிறந்த நிரூபணம் கிடையாது. ஒரு பக்கமாக இடுப்பை நகர்த்தி ஒற்றைக் காலை உறுதியாக ஊன்றும் சாமர்த்தியம், இரு கால் நுனிகளும் தத்தளிப்பதைவிட மேலானது என்பதும் மெய். ஆயினும் பாலைவனத்தில் பந்தயம் ஓடுகிற உலக சாம்பியனின் லாகவத்தை, ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைக்குப் போய்வர ஆசைப்படும் வங்கி ஊழியரிடம் எதிர்பார்ப்பது தர்மமா? இவ்வாறு உபதேசம் செய்பவர்களில் பெரும்பாலோர் ஐந்தடி ஒன்பது அங்குலத்துக்குக் குறையாதவர்கள் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன்.

தயாரிப்பாளர்கள் இப்போது மெல்ல விழித்துக்கொண்டு வருகிறார்கள். நிற்கப் போகும்போது தானே தாழ்ந்து, புறப்பட்டதும் தானே உயரும் ஷாக்கப்சரை ஹார்லி டேவிட்சன் தன் பான் அமெரிக்கா வண்டியில் 2021-இல் கொண்டுவந்தது. விலை நம்மில் மிகச் சிலருக்கே எட்டும். புதிய ஹிமாலயனுக்கு 805 மில்லிமீட்டர் உயரமுள்ள தாழ்ந்த இருக்கையைத் தனியாக விற்கிறார்கள். இது எனக்கு அதைவிட முக்கியமான செய்தி. 2022-இல் வந்த ஸ்கிராம் 411 ஒரு பாடமாகவும் இருக்கிறது: முன்சக்கரத்தை 19 அங்குலமாகச் சிறுக்கித் தரை இடைவெளியையும் 200 மில்லிமீட்டராகக் குறைத்த பிறகும் இருக்கை தாழ்ந்தது 5 மில்லிமீட்டர்தான். உண்டாக்கியவர்களுக்கே அவ்வளவு கடினமாக இருக்கும் காரியத்தை, இரண்டு இரும்புப் பட்டைகள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் என்று நம்பினோமே! தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக்கூடாதென்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவில் சொல்கிறது என்பதையும், பட்டறைக்குப் போகுமுன் நினைவில் வைப்பது நல்லது. இருக்கையைத் தைப்பதற்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்துவதற்கும் அந்த அச்சம் தேவையில்லை.

மருமகளின் வண்டியில் பழைய பட்டைகள் திரும்பவும் ஏறின. சேலத்தில் சீட் தைக்கும் பெரியவர் ஒருவர், அவளை உட்காரவைத்துத் தொடை இறங்கும் இடத்தைச் சாக்குக்கட்டியால் கோடிட்டு, இரு ஓரங்களையும் சீவி, புது ரெக்சின் போட்டுக் கொடுத்தார். ஸ்பிரிங்கை அவளுடைய 52 கிலோவுக்குத் தளர்த்தி, ஃபோர்க்கைப் பத்து மில்லிமீட்டர் ஏற்றி, கனத்த அடியுள்ள பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினாள். குதிகால் இன்னும் தரையில் படாது. இரண்டு முன்பாதங்களும் பதிகின்றன.

சென்ற மாதம் மறுபடியும் கொல்லிமலை. நான் பின்னால் ஏறுகிறேன் என்று காலையிலேயே ஸ்பானரை எடுத்து ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டாள். நாற்பதுகளில் ஏதோ ஒரு வளைவு. இடப்புறமாக மேலே திரும்புவது, உள்பக்கம் செங்குத்தாய்ச் சரிந்து கிடப்பது. மேலேயிருந்து பஸ் ஹாரன் அடித்தது. பழைய நாளாக இருந்தால் வளைவுக்குள் நுழைந்து பாதியில் நின்றிருப்பாள்.

“உள்ளே போனா இடது கால் கிடைக்காது மாமா, இங்கேயே நிக்கலாம்” என்று சொல்லி, வளைவுக்குப் பத்தடி கீழே, தார் சமமாக இருந்த இடத்தில் நிறுத்தினாள். வலது கால் பிரேக்கின்மேல் இருந்தது. இடது பூட்ஸின் முன்பாதி தாரில் பதிந்து நின்றதை நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் எங்களை உரசுவதுபோல் இறங்கிப் போயிற்று. அவள் கிளட்சை விட்டாள்.